கணவரைப் பார்க்கப் போவது வியாபாரம் அல்ல

அனுப்புநர்:
ஜனாபா ஹாஜறா ஷரிபுதீன்,
பயிற்றப்பட்ட ஆசிரியை,
கடற்கரைப் பள்ளி வீதி,
கல்முனைக்குடி.

பெறுநர்:
உதவிக் கட்டுப்பாட்டாளர் அவர்கள்,
குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்,
கொழும்பு.

விடயம்: பாடசாலை விடுமுறைகளில் இந்தியா சென்று குறுகிய காலம் தங்கிவரும் எனக்கும் எனது மகளுக்கும் கப்பல் துறையில் தடை நேராதிருக்க ஆவன செய்யும்படியும், எனது கடவுச்சீட்டில் எழுதப்பட்ட குறிப்பை நீக்கும்படியும் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த றமழான் மாதத்தில் பத்து வயது மகளுடன் தங்கள் காரியாலயத்துக்கு இரண்டு தரம் வந்தவள் நான். தங்கள் மேசைமேல் தையல் மெசினின் உடைந்த பாகமொன்றை வைத்துவிட்டுக் கதைத்த ஆசிரியை என்றால் தங்களுக்கு நினைவு வரக்கூடும். முதல் தரம் அழுதுகொண்டு வந்தேன். இரண்டாம் தரம் தலை நிமிர்ந்து வந்தேன். இம்மனுவை வென்றவளாகவே எழுதுகிறேன். ஆனால் அந்த வெற்றி ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாவது. அதை நிலையானதாக்கித் தருமாறு கேட்பதற்காக, தங்கள் காரியாலயக் கோவையில் இருக்க வேண்டிய விபரங்களை முதலிலிருந்து தெரிவிக்கிறேன்.

1. எனது கணவர் ஷரிபுதீன் இந்தியப் பிரசை. இராமேஸ்வரத்துக்கு வடக்கே கடலோரத்திலுள்ள தொண்டி அவரது ஊர். சிறு வயதில் தாய்மாமனுடைய கடைக்கு உதவியாகக் கல்முனைக்கு வந்தவர், இங்கேயே தையல் மெசின் திருத்தும் தொழிலைப் பழகினார். 1970ஆம் ஆண்டு எங்களுக்கு நிக்காஹ் நடந்தது. எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். அவரும் எனது உம்மா எனக்குத் தந்த வீட்டுக்கு வந்தார். கிணற்றுக்குக் கட்டுப் போட்டதும் முற்றத்தில் மாதுளை நட்டதும் அவர்தான்.

1975இல் அவரது தற்காலிக வதிவிட அனுமதி நீடிக்கப்படவில்லை. அது அன்றைய சட்டம். அதைப் பற்றி நான் முறையிட வரவில்லை. நாட்டை விட்டுச் செல்லுமாறு கடிதம் வந்தபோது, வீட்டை விட்டுச் செல்லுமாறு எழுதியிருப்பதாகவே நாங்கள் இருவரும் அதை வாசித்தோம் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். எங்கள் மகள் நதீராவுக்கு அப்போது மூன்று வயது.

2. அவருடன் தொண்டியிலேயே போய் இருக்கலாமே என்று தாங்களும் என்னிடம் கேட்டீர்கள். நான் இலங்கைப் பிரசை. அட்டாளைச்சேனையில் பயிற்சி பெற்று அரசாங்கப் பாடசாலையில் படிப்பிப்பவள். வீடு இங்கே, மகளின் படிப்பு இங்கே. அவரோ வருடத்தில் ஒரு தரம் வருகை விசாவில் ஒரு மாதம் மட்டுமே வரலாம். ஆகவே வெளிநாட்டுப் பயணம் இலகுவாக்கப்பட்டதிலிருந்து நான்தான் போய்வருகிறேன். றமழான் விடுமுறையிலும் மற்றைய தவணை விடுமுறைகளிலும், கல்வித் திணைக்களத்தின் அனுமதியோடு, கண்டியில் விசா எடுத்து, மட்டக்களப்புக்கு பஸ்ஸிலும் அங்கிருந்து மாகோவில் மாறித் தலைமன்னாருக்கு ரயிலிலும் போய், கப்பலேறுவோம். கடல் கடுமையாக இருந்த வருடக் கடைசிகளில் மாத்திரம் போகவில்லை.

விசாவில் தந்த நாட்களுக்கு மேல் அந்நாட்டில் ஒரு நாளேனும் நான் தங்கியதில்லை. பாடசாலை திறக்கும் காலையில் எனது வகுப்பில் நான் இல்லாதிருந்ததும் இல்லை. எங்கள் பாடசாலை அதிபர் இதை எழுத்தில் உறுதிப்படுத்தியுள்ளார்.

3. 1978 கார்த்திகைச் சூறாவளியைப் பற்றித் தங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. எங்கள் கரையோரம் முழுவதும் கூரைகள் போயின. செய்தியறிந்த எனது கணவர் விசாவுக்காக அலைந்து, ஒரு மாத அனுமதியில் வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுக் கூரைக்குக் கிடுகு போட்ட மறுநாளே வாசலில் பெண்கள் மெசின்களோடு வந்து நின்றார்கள். தையலை நம்பி வயிறு வளர்ப்பவர்கள் அவர்கள். வெள்ளத்திலும் மணலிலும் புதைந்து கிடந்த மெசின்களைத் தோண்டி எடுத்து வந்திருந்தார்கள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று எங்கள் ஊர்களிலிருந்தும், காரைதீவிலிருந்தும் வந்தார்கள். அவர் அந்த மாதம் முழுவதும் மண்ணெண்ணெய் வாளியின் முன்னால் குந்தியிருந்து அந்த மெசின்களைக் கழற்றிக் கழுவிப் பூட்டிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. விசா முடிந்தது, போய்விட்டார்.

அதன் பிறகு நான் தொண்டிக்குப் போகும்போதெல்லாம் அப்பெண்களில் யாராவது பழுதான பாகமொன்றைக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். அவர் அதைத் திருத்துவார், அல்லது பழைய மெசினொன்றிலிருந்து கழற்றி வேறு தருவார். நான் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பேன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. குற்றமென்று தெரிந்திருந்தால் செய்திருக்கவும் மாட்டேன்.

4. இவ்வருடம் றமழான் தலைநோன்பை அவருடன் பிடிக்கும் நோக்கத்தோடு நானும் நதீராவும் கப்பல் துறைக்குப் போனோம். அங்கு கடமையிலிருந்த உத்தியோகத்தர் ஒருவர் எனது கடவுச்சீட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரைகள். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அவரது பெயரை நான் கேட்டறியவில்லை. தமிழில் மரியாதையாகவே கதைத்தார். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"என்னத்துக்கு இவ்வளவு தரம் போறீங்க? யாவாரமா?"

"இல்ல சேர். புள்ளட வாப்பா அங்க இருக்காரு."

"ஒரு மனிசனப் பாக்க இவ்வளவு தரம் போவாங்களா?"

"ஓம் சேர், போவாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை போலும். பையைத் திறக்கச் சொன்னார். எங்கள் உடுப்புக்கும் வாப்பாவுக்கென்று மகள் வைத்திருந்த தொதல் இனிப்புப் பொட்டலத்துக்கும் அடியில், கடதாசியில் சுற்றிய இரும்புத் துண்டொன்று இருந்தது. காரைதீவில் எனக்குப் பழக்கமான தையற்காரி செல்லத்தங்கம் தந்துவிட்டது. அவருடைய மெசினில் அடிநூலைக் கொண்டோடும் ஷட்டில், வாய் உடைந்தது.

"இது சாமான்தானே?" என்றார்.

"உடைஞ்ச சாமான் சேர்."

"உடைஞ்சாலும் சாமான் சாமான்தான். ஆண்டுக்கு ஒருக்காப் போனா அது பயணம். தவணைக்குத் தவணை போனா அது யாவாரம்."

ஐயா, அந்த இடத்தில் நான் வாயைக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. "நீங்க உங்கட ஊட்டுக்கு ஆண்டுக்கு ஒருக்காத்தான் போறீங்களா, சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனையை எடுத்தார். 'வியாபார நோக்கமெனச் சந்தேகம், விசாரணை முடியும்வரை அனுமதிக்க வேண்டாம்' எனும் கருத்தில் எனது கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, எங்களை வரிசையிலிருந்து விலகச் சொன்னார்.

5. கப்பல் எங்கள் கண் முன்னால் போனது. துறையிலேயே நின்றோம். கப்பல் சிறிதாகிக்கொண்டு போகையில் நதீரா என் கையைப் பிடித்து, "வாப்பா அங்க பாத்துக்கிட்டு நிப்பாரே, உம்மா" என்றாள். அவர் அவ்வாறே நின்றிருக்கிறார். கடைசிப் பிரயாணியும் இறங்கிப் போன பிறகும் நின்றுவிட்டு, எங்கள் பாடசாலை முகவரிக்குத் தந்தியடித்திருக்கிறார். அதை நான் பின்னரே அறிந்தேன்.

ஊருக்குத் திரும்புவதா என்று யோசித்தேன். திரும்பியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். புருஷனிடம் போனவள் யாவாரமென்று பிடிபட்டுத் திரும்பிவிட்டாள் என்ற கதை எனக்கு முன்னால் கல்முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தக் கதையை வகுப்பறையில் எப்படிச் சுமப்பது? இதையெல்லாம் எண்ணி, மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு ரயிலில் ஏறினேன்.

6. தங்கள் காரியாலயத்தில் நடந்தது தங்களுக்குத் தெரியும். எனினும் கோவைக்காக எழுதுகிறேன். தாங்கள் என்னை இருக்கச் சொன்னீர்கள். தேநீர் தருவித்தீர்கள். நோன்பென்றதும் வருத்தம் தெரிவித்து அதைத் திருப்பி அனுப்பினீர்கள். நிக்காஹ் பதிவையும் அதிபரின் கடிதத்தையும் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கணவர் இருப்பது உண்மைதான். ஆனால் வியாபாரம் இல்லை என்பதற்கு இது சாட்சியாகாதே" என்றீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் ஷட்டிலை எடுத்து மேசைமேல் வைத்து, இதன் சொந்தக்காரியிடமே விசாரியுங்கள் என்றேன்.

கல்முனை உதவி அரசாங்க அதிபர் காரியாலயம் மூலம் விசாரித்து அறிக்கை பெறுவதாகச் சொன்னீர்கள். கடிதம் தபாலில் போய் வருவதற்குள் பெருநாளே போய்விடும், அதை என் கையில் தாருங்கள் என்று கேட்டேன். விசாரிக்கப்பட வேண்டியவளே விசாரணைக் கடிதத்தைக் காவிச் செல்வதா என்று அருகிலிருந்த லிகிதர் ஒருவர் வியந்தார். தாங்கள் சற்று யோசித்துவிட்டு, உறையை ஒட்டி, அரக்கு முத்திரையிட்டு என்னிடமே தந்தீர்கள். ஐயா, அந்த நம்பிக்கைக்கு நானும் எனது குடும்பமும் கடமைப்பட்டிருக்கிறோம். உறை உடையாமல் போய்ச் சேர்ந்தது.

7. கல்முனையில் விசாரணை திரு. நல்லரெத்தினம் எனும் உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு சாட்சிகளைக் கூட்டிவருமாறு சொன்னார். நான் செல்லத்தங்கத்திடமும் மருதமுனையிலுள்ள சுபைறாவிடமும் மட்டுமே சொன்னேன். இதைத் தாங்கள் நம்ப வேண்டும். மற்றவர்களை நான் அழைக்கவில்லை.

குறித்த காலையில் காரியாலய வாசலுக்குப் போனபோது அங்கே உழவு மெசினொன்று இழுவைப் பெட்டியோடு நின்றது. பெட்டி நிறையத் தையல் மெசின்கள். சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தவர்கள், தலையில் வைத்து நடந்து வந்தவர்கள் என்று விறாந்தையில் கால் வைக்க இடமிருக்கவில்லை. சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டவர்களும் நெற்றியில் பொட்டு வைத்தவர்களும் மெசின்களுக்கு இடையில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். திரு. நல்லரெத்தினம் வெளியே வந்து பார்த்துத் திகைத்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது? ரெண்டு பேரத்தானே கூட்டி வரச் சொன்னன்?"

செல்லத்தங்கம் எழுந்து, "ரெண்டு பேரெண்டா ஆர விடுறது ஐயா? எல்லாரும் வெளிக்கிட்டாங்க. ஆள் சொன்னா நம்பமாட்டீங்க எண்டு மெசினையும் கொண்டு வந்திரிக்கம்" என்றார்.

திரு. நல்லரெத்தினம் ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, இந்த டீச்சரிடம் காசு கொடுத்து ஏதேனும் வாங்கினீர்களா என்று கேட்டார். எல்லோரும் இல்லையென்றார்கள். சுபைறா மட்டும் அத்துடன் நிறுத்தவில்லை.

"சூறாவளிக்குப் பொறகு எங்களுக்கு ஊடும் இல்ல, சட்டி பானையும் இல்ல. மண்ணுக்குள்ள கிடந்த இந்த மெசினத்தான் தோண்டி எடுத்தம். துருப்புடிச்ச இரும்பு, கடல்ல வீசு எண்டு எங்கட மாப்பிளயே சொன்னாரு. ஷரிபுதீன் காக்கா ஒரு மாதத்துக்கு வந்த மனிசன். பொண்டாட்டி புள்ளட முகத்தப் பாத்தது கொஞ்சம், எங்கட மெசினப் பாத்ததுதான் கூட. அந்த ஒரு மாதத்த நாங்க திண்டுட்டம். அந்தக் கடனுக்குத்தான் இண்டைக்கு வந்திரிக்கம். காசு கீசு எண்டு கேக்காதீங்க."

இதைக் கேட்டுக்கொண்டு கதவோரம் நின்ற எனக்கு, அந்த மாதத்தில் அவர்மேல் நான் கோபித்த நாட்களெல்லாம் நினைவு வந்தன. அவர் திருத்திக் கொடுத்தவை இரும்பு மட்டும் என்று எண்ணியிருந்தேன்.

திரு. நல்லரெத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கண்டிப்பான குரலை வரவழைத்துக்கொண்டு, "இந்தப் பழைய மெசினெல்லாம் மெய்யாவே ஓடுதா?" என்று கேட்டார். செல்லத்தங்கத்தின் ஷட்டில் என் பையில் உடைந்து கிடந்ததால் அவரது மெசின் ஓடாது. சுபைறா தனது கைமெசினைத் தூக்கி அவருடைய மேசைமேலேயே வைத்தார். அறை வாசலில் தொங்கிய திரை ஓரம் கிழிந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, மடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே ஓட்டமாகத் தைத்து முடித்தார். லிகிதர்களெல்லாம் வேலையை விட்டு வந்து நின்றார்கள். விறாந்தையிலிருந்த பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தங்கள் மெசின்களையும் சுற்றத் தொடங்கினார்கள். துணியுமில்லை, நூலுமில்லை. சும்மா சுற்றினார்கள். அன்று கல்முனைக் கந்தோரில் எழுந்த சத்தத்தை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

அறிக்கை அங்கேயே எழுதப்பட்டது. அந்தத் திரை இப்போதும் அதே வாசலில் தொங்குகிறது. சந்தேகமிருப்பின் பார்வையிடலாம்.

8. அறிக்கையுடன் நான் மீண்டும் தங்களிடம் வந்தேன். தாங்கள் வாசித்து முடிக்கும்வரை நதீரா தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கள் சிரித்ததும் அவளும் சிரித்தாள். இம்முறை சென்றுவர அனுமதித்துத் தாங்கள் தந்த கடிதத்துடன் பெருநாளுக்கு முந்திய கப்பலில் ஏறினோம். அன்று துறையில் வேறொருவர் கடமையிலிருந்தார். முன்னைய உத்தியோகத்தர் விடுமுறையில் போயிருப்பதாக அறிந்தேன். அது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

அக்கரையில் கடவுச்சீட்டைப் பார்வையிட்டவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "என்னம்மா, நோன்பு ஆரம்பத்துலயே வந்துடுவீங்களே, இந்தத் தடவை இவ்வளவு தாமதம்? உங்க வீட்டுக்காரர் ஒரு கப்பல் விடாம வந்து நின்னுட்டுப் போறார். அவர் தொல்லை தாங்கல. சீக்கிரம் போங்க" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

கணவர் கம்பி வேலிக்கு அப்பால் நின்றார். அதன் பின்னர் அவ்விடத்தில் நிகழ்ந்தவை அரசாங்கத்துக்கு அவசியமற்றவை என்பதால் எழுதவில்லை. பெருநாள் தொழுகைக்கு நதீரா அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். செல்லத்தங்கத்தின் ஷட்டிலும் திருத்தப்பட்டு வந்து சேர்ந்து, இப்போது காரைதீவில் தீபாவளித் துணி தைத்துக்கொண்டிருக்கிறது.

9. இவ்வளவும் நடந்த பின்பும், எனது கடவுச்சீட்டில் அந்தக் குறிப்பு அப்படியே உள்ளது. தாங்கள் தந்த கடிதம் ஒரு பயணத்துக்குரியது, அது முடிந்துவிட்டது. அடுத்த தரம் போகையில் பக்கத்தைப் புரட்டுபவர் எவராயினும் முதலில் அதைத்தான் வாசிப்பார். தவணைக்கொரு தரம் உழவு மெசினில் சாட்சிகளை ஏற்றிவர என்னால் இயலாது. அவர்கள் வரத் தயார். எனக்குத்தான் வெட்கம்.

ஆகவே அக்குறிப்பை முத்திரையிட்டு இரத்துச் செய்து தருமாறும், எனது கடவுச்சீட்டு காலாவதியாகும்வரை விடுமுறைதோறும் விசாரணையின்றிச் சென்றுவர எழுத்தில் அனுமதி தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கரையில் மனைவியும் மறு கரையில் கணவனுமாக வாழ்பவர்கள் நாங்கள் மட்டுமல்லர். துறையில் பார்த்திருக்கிறேன். முத்திரைகளின் தொகையைக் கண்டு மட்டும் அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாமென ஒரு பொது அறிவுறுத்தல் விடுக்கப்படுமாயின், பல வீடுகள் தங்களை வாழ்த்தும்.

10. கடைசியாக ஒன்று. என்னைத் திருப்பிய உத்தியோகத்தருக்குத் தண்டனை கிடைக்க வேண்டுமென உறவினர் சிலர் என்னிடம் கூறினார்கள். அவ்வாறு செய்ய வேண்டாமெனவும், அவரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டாமெனவும் தங்களைத் தயவாகக் கேட்கிறேன். அவர் தமக்குத் தெரிந்தவரை கடமையைச் செய்தார். ஒரு பெண் தன் கணவரைப் பார்க்க இத்தனை தரம் கடல் தாண்டுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

வரும் டிசம்பர் விடுமுறையில் கடல் இடம் கொடுத்தால் நாங்கள் புறப்படுகிறோம். அவர் அதே மேசையில் இருக்க வேண்டும். நாங்கள் மற்றவர்களோடு வரிசையில் நின்றே அவர் முன்னால் வருவோம். என்னத்துக்குப் போகிறீர்கள் என்று அவர் மறுபடியும் கேட்கலாம், அதற்கு நான் முன்பு சொன்ன அதே பதிலைத்தான் சொல்வேன். தங்கள் அனுமதியைப் பார்த்துவிட்டு அவர் தமது கையாலேயே முத்திரை குத்த வேண்டும். அதைப் பார்ப்பதற்கு மகள் ஆசையாக இருக்கிறாள். உண்மையைச் சொல்வதானால், அவளைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

விடுமுறை தொடங்குமுன் தங்கள் கட்டளை கிடைக்குமென்ற நம்பிக்கையுடன்,

தங்கள் நீதியை ஒரு தரம் கண்டவளும் மறு தரமும் காணக் காத்திருப்பவளுமான,

(ஒப்பம்) ஹாஜறா ஷரிபுதீன்

கல்முனைக்குடி,
04.10.1982